எழும்பாத கேக்

பலாப்பழத்தை அடுப்பில் ஏற்றுவதே பாவம் என்று நினைப்பவர்கள் பண்ருட்டிப் பக்கம் நிறையப் பேர். பழுத்ததா, அறுத்தோமா, சுளையைப் பிரித்தோமா, நின்ற இடத்திலேயே தின்றோமா, அவ்வளவுதான். அதற்குமேல் அதில் கைவேலை எதுவும் தேவையில்லை என்பது அவர்கள் கட்சி. முத்தாண்டிக்குப்பத்தில் உறவுக்காரப் பெரியவர் ஒருவரிடம் பலாப்பழத்தில் கேக் செய்யப்போவதாகச் சொன்னபோது, "ஏன், பழம் அழுவிப்போச்சா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நல்ல பழத்துக்கு நெருப்பு எதற்கு?

பலாவை வரகு மாவோடு சேர்த்துச் சுட்டெடுத்து, மறுநாள் ஒரு துண்டு தின்று பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி எழாது. பச்சைச் சுளையில் இனிப்பு முன்னால் வந்து நின்றுகொள்ளும். அதன் பின்னால் இருக்கும் மெல்லிய புளிப்பும், பூ வாசனையும், நாரின் கடிப்பும் நாக்குக்கு எட்டுவதற்குள் சுளை தொண்டைக்குள் இறங்கிவிடும். வரகு அந்த இனிப்பைப் பிடித்துத் தனக்குள் இழுத்து, மெதுவாகத் திருப்பித் தருகிறது. அந்த மெதுவில்தான் பழத்தின் மற்ற குணங்கள் தெரிகின்றன. தானியம் அடங்கிப் பழத்தைப் பேசவிடுவதுதான் இந்தக் கேக்கின் கலை என்பது என் துணிபு. மைதா கேக்கை அளக்கும் கோலால் இதை அளந்தால் தோற்றுத்தான் போகும். இது எழும்பாது. பஞ்சுபோல் இருக்காது. இருக்கவும் வேண்டியதில்லை.

முதலில் மண்ணைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நெய்வேலி நகரியத்துக்கு வடக்கே, பண்ருட்டி வட்டத்துச் செம்மண் மேட்டில் இருக்கிறது முத்தாண்டிக்குப்பம். காடாம்புலியூர், காட்டுக்கூடலூர், பணிக்கன்குப்பம் என்று சுற்றிலும் எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் முந்திரிக்காடும் பலாமரமும் நினைவுக்கு வரும். அடியில் பழுப்பு நிலக்கரி, மேலே செம்மண், அதன்மேல் பலா. பத்திரக்கோட்டையில் பிறந்த தங்கர் பச்சானின் 'ஒன்பது ரூபாய் நோட்டு' நாவலைப் படித்தவர்களுக்கு இந்த நிலமும் மரங்களோடு இங்குள்ளவர்கள் கொண்ட உறவும் புதிதாக இருக்காது. சித்திரை பிறந்துவிட்டால் நெடுஞ்சாலை ஓரத்தில் பழங்கள் குவியும். 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயல் இந்தப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. விதை போட்டு வளர்த்த பலா காய்ப்புக்கு வர ஏழெட்டு ஆண்டு ஆகும். ஆகவே இன்று நாம் தின்னும் பழங்களில் பல, புயலுக்குப் பிறகு வைத்த மரங்களின் பழங்கள். 2025-இல் பண்ருட்டிப் பலாவுக்கும் பண்ருட்டி முந்திரிக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தைக்கு அது உதவும். நாக்குக்கு முன்பே தெரிந்த சேதிதான்.

பழம் தேர்வு செய்வதில்தான் பாதி வேலை இருக்கிறது. முள் விரிந்து, முனை மழுங்கி, விரலால் அழுத்தினால் லேசாக உள்வாங்க வேண்டும். தட்டினால் காயில் கேட்கும் கெட்டி ஓசை போய், உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலி வர வேண்டும். வாசனை காம்புப் பக்கம் தூக்கலாக இருந்தால் அன்றே அறுக்கலாம். ஒரே தோப்பில்கூட மரத்துக்கு மரம் சுளை வேறுபடும். விதையிலிருந்து முளைத்த பலாவில் தாய்மரத்தின் குணம் அப்படியே வராது என்பதுதான் காரணம். அதனால்தான் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம், பணிக்கன்குப்பத்து உள்ளூர் மரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒட்டுக்கட்டிப் பெருக்கும் 'பாலூர்-1' ரகத்தைக் கொடுத்தது. கேக்குக்கு எனக்கு இரண்டு வகைச் சுளையும் வேண்டும். குழைந்து, நாரோடு வழுக்கும் சுளை பாகுக்கு. கெட்டியாக, கடித்தால் நறுக்கென்று முறியும் சுளை, பொடியாக நறுக்கிப் போடுவதற்கு. குழைந்த சுளையை மட்டும் போட்டால் கேக் முழுக்க ஒரே குரலில் பேசும். கெட்டிச் சுளையை மட்டும் போட்டால் மாவு தனி, பழம் தனி என்று பிரிந்து நிற்கும்.

இனி மாவு. பழந்தானியம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஏதோ ஒரு சிறுதானிய மாவைக் கொட்டுவது ரசனையாகாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சுபாவம் உண்டு. கேழ்வரகு அருமையான மாவு. ஆனால் நிறத்தாலும் மணத்தாலும் பலாவை மூடிவிடும். அதற்குச் சரியான ஜோடி வாழைப்பழம். கம்பு மாவில் கொழுப்பு அதிகம். அரைத்துச் சில நாள் வைத்தாலே காறல் வந்துவிடும். அன்று அரைத்து அன்று சுட்டால் மண்வாசனையோடு நன்றாக இருக்கும். அதுவும் மாம்பழத்தோடுதான் சேரும். தினை பொன்னிறம் தரும், வறுத்தால் கொட்டைப்பருப்பு மணம் தரும். தேனும் தினைமாவும் குறிஞ்சி நிலத்தின் பழைய கூட்டணி. பலாவோடு அது போட்டியிடாது, ஆனாலும் கொஞ்சம் பேசும். வரகு மட்டும்தான் வாயை மூடிக்கொண்டிருக்கும். லேசான துவர்ப்பு உண்டு. அதுகூட இனிப்பு திகட்டாமல் இருக்கத்தான் உதவுகிறது. நான் வரகு முக்கால் பங்கும் தினை கால் பங்கும் சேர்ப்பேன்.

வரகு இந்த நடுநாட்டு மானாவாரிக் காடுகளின் தானியம். விருத்தாசலம், கள்ளக்குறிச்சிப் பக்கம் இன்றும் விதைக்கிறார்கள். முல்லை நிலத்து உணவாகச் சங்கப் பாடல்களில் வருவது. புல்வேளூரில் வரகரிசிச் சோறு உண்டு ஔவையார் பாடியதாக ஒரு தனிப்பாடல் மரபு உண்டு. கோபுரக் கலசங்களில் வரகை நிரப்பி, அடுத்த குடமுழுக்கு வரை வைத்திருக்கும் வழக்கம் அதன் ஆயுளுக்குச் சான்று. மேலுறை ஒன்றன்மேல் ஒன்றாகக் கெட்டியாக மூடியிருப்பதால் உரலில் குத்தி அரிசியாக்குவது முதுகை ஒடிக்கும் வேலை. வீட்டுச் சமையலிலிருந்து வரகு விலகிப்போனதற்கு அந்த உழைப்பும் ஒரு காரணம். இப்போது இயந்திரம் உமி நீக்கித் தருகிறது. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. கதிரில் பூஞ்சணம் பிடித்த வரகு தலைசுற்றலும் மயக்கமும் தரும். 'கிறுக்கு வரகு' என்று விவசாயிகள் அதை ஒதுக்கிவிடுவார்கள். கறுத்த மணிகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, நம்பிக்கையான இடத்தில் வாங்க வேண்டும்.

கடையில் விற்கும் வரகு மாவு பெரும்பாலும் உலர்ந்த அரிசியை அப்படியே அரைத்தது. அது நறநறக்கும். இடியாப்ப மாவு பிடிப்பதற்குப் பச்சரிசியை என்ன செய்வோமோ அதையே இங்கும் செய்ய வேண்டும். இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பி நிழலில் உலர்த்தி, கையில் ஈரம் ஒட்டும் பதத்திலேயே அரைத்து, நைசாகச் சலித்து, வெறும் சட்டியில் குறைந்த தீயில் வறுக்க வேண்டும். நிறம் மாறக் கூடாது. கோலம் போட்டால் இழை அறுபடாமல் விழும் அளவுக்கு மாவு உலர்ந்ததும் இறக்கிவிடலாம். ஈரத்தில் அரைத்த மாவுக்கும் உலர அரைத்த மாவுக்கும் உள்ள வேறுபாடு கேக்கின் முதல் கடியிலேயே தெரியும்.

கோதுமையில் குளூட்டன் என்ற பசைப்புரதம் இருக்கிறது. பிசைந்ததும் அது வலையாகப் பின்னிக்கொண்டு, உள்ளே உண்டாகும் காற்றைப் பிடித்துவைக்கும். ரொட்டி உப்புவது அந்த வலையின் தயவால்தான். கேக் எழும்புவதிலும் அதற்குப் பங்கு உண்டு. சிறுதானியங்களில் அது கிடையாது. ஆகவே கேக்கை ஒன்றாகப் பிடித்து நிறுத்த வேறு மூன்று பேர் வர வேண்டும். சூட்டில் இறுகும் முட்டை. ஈரத்தில் ஊறிச் சூட்டில் கொழகொழக்கும் மாவின் ஸ்டார்ச். பலாவின் நாரும் அதிலுள்ள பெக்டினும். இதைப் புரிந்துகொண்டவர்கள் மாவைக் கலந்த கையோடு அடுப்பில் வைக்க மாட்டார்கள். பாகிலும் முந்திரி விழுதிலும் மாவைக் கலந்து அரை மணி நேரமாவது மூடிவைப்பார்கள். வரகு அந்த நேரத்தில் ஈரத்தைக் குடித்து ஊதுகிறது. இந்தப் பொறுமை இல்லாத கேக்கில் பல்லில் மணல் கடிபடும்.

எட்டு அங்குல வட்டத் தட்டுக்கு என் கணக்கு இது. மாவு 200 கிராம். கொட்டையும் சடையும் நீக்கிய குழைந்த சுளை 300 கிராம், பொடித்த வெல்லம் 150 கிராம். கெட்டிச் சுளை ஒரு கைப்பிடி. முந்திரிப்பருப்பு 100 கிராம், அதை ஊறவைத்து அரைக்க அரைக் கப் பால். நெய் 75 கிராம். நாட்டுக்கோழி முட்டை 3. சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி. சுக்குப்பொடி அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. ஏலக்காய் போடுவதில்லை. பலாவுக்குத் தன் வாசனையே தலைநிறைய இருக்கும்போது இரவல் நகை எதற்கு?

சுளையை மசித்து, நாரைக் கொஞ்சம் விட்டுவைத்து, அடிகனமான சட்டியில் வெல்லக் கரைசலோடு கிண்ட வேண்டும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டாமல் போட்டால் மண் வரும். இந்த மாவட்டத்துக்குக் கரும்பு புதிதல்ல. பண்ருட்டிக்கு அருகிலுள்ள நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனம் 1842-லேயே சர்க்கரை ஆலை தொடங்கிவிட்டது. ஆனால் வெள்ளைச் சர்க்கரை இங்கே ஒத்துவராது. வெல்லத்தின் லேசான புளிப்பும் தாதுச் சுவையும் வரகின் துவர்ப்போடு கைகோக்கும். அந்தப் புளிப்பு சோடாவையும் தூண்டிவிடும். கிண்டும்போது தீ குறைவாக இருக்க வேண்டும். பலாவின் வாசனைக்குக் காரணமான எஸ்டர்கள் சூட்டில் சீக்கிரம் ஆவியாகிவிடும். வீடு முழுக்க மணக்கிறதே என்று நாம் மகிழும் அந்த மணம், கேக்குக்கு வராமல் வெளியே போய்விட்ட மணம். ஆகவே பாகு சுருண்டு கரண்டியில் தயங்கி விழும் பதத்திலேயே நிறுத்துவேன். அல்வாப் பதம் வரை போகக் கூடாது. நறுக்கிய கெட்டிச் சுளையைச் சூடே காட்டாமல் கடைசியில் சேர்ப்பதும் போன மணத்தை ஈடுகட்டத்தான்.

பலாக்கொட்டையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கொட்டையை நன்றாகக் காயவைத்து, சட்டியில் மேல்தோல் கருக வறுத்து, தோல் நீக்கிப் பொடித்தால் கோகோவை நினைவூட்டும் வாசனை வரும். 2017-இல் பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பலாக்கொட்டையை நொதிக்கவைத்து வறுத்தால் சாக்லேட் மணம் தரும் சேர்மங்கள் உண்டாவதைக் காட்டினார்கள். மாவில் 30 கிராமைக் குறைத்துக்கொண்டு அந்த இடத்தில் இந்தப் பொடியைச் சேர்த்தால் கேக்கின் அடிக்குரல் ஒரு கட்டை இறங்கும். ஒரே பழம் இனிப்பையும் கொடுத்து அதற்கு மாற்றான கசப்பையும் கொடுக்கிறது. இதைவிடச் சிக்கனமான சமையல் எங்கே இருக்கிறது?

வெண்ணெய்க்குப் பதில் முந்திரி. பருப்பில் ஏறக்குறைய பாதி கொழுப்புதான். போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்து நானூறு ஆண்டுக்கு மேலாகும் மரம், இந்தச் செம்மண்ணையும் ஊராக ஏற்றுக்கொண்டுவிட்டது. முழுப்பருப்பு ஏற்றுமதிக்கும் கல்யாணப் பாயசத்துக்கும் போகட்டும். உடைந்த பருப்பே இதற்குப் போதும். எப்படியும் அரைக்கத்தானே போகிறோம். ஊறவைத்த முந்திரியை வெண்ணெய்போல் அரைத்துச் சேர்த்தால் கேக்கின் உதிர்தல் குறைந்து, கத்திக்கு வழிவிடும் ஒரு செறிவு வருகிறது. நெய்யை மட்டும் நம்பிச் செய்த வரகு கேக் ஆறியதும் இறுகிவிடும். முந்திரி விழுது சேர்ந்தது மூன்று நாள் ஆனாலும் மெத்தென்றே இருக்கும்.

முட்டையைத் தனியாக நுரைக்க அடித்து, ஊறிய மாவில் சோடாவோடு கடைசியாகச் சேர்த்து, கை மாற்றாமல் ஒரே திசையில் கலக்க வேண்டும். இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக இருக்கும். தட்டில் பட்டர் பேப்பருக்குப் பதில் தணலில் வாட்டிய வாழையிலையை விரிப்பேன். வாட்டிய இலை வெடிக்காது, கிழியாது. வெந்து முடியும்போது அடிப்பக்கத்துக்கு ஒரு பச்சை வாசனையும் தரும்.

நெருப்புக்கு வருவோம். நெய்வேலி நகரியத்து வீடுகளில் மின் ஓவன் உண்டு. 170 டிகிரியில் 50 நிமிடம். நடுவில் குத்திய ஈர்க்கு மாவு ஒட்டாமல் வந்தால் வேலை முடிந்தது. கிராமத்தில் ஓவன் இல்லாத வீட்டிலும் கேக் வேகும். கனமான அலுமினியக் குண்டானில் இரண்டு விரற்கடை மணல் பரப்பி, மேலே முக்காலி வைத்து, பத்து நிமிடம் மூடிச் சூடேற்றி, தட்டை உள்ளே இறக்க வேண்டும். மணல் சூட்டைச் சீராகப் பரப்பும். குறை ஒன்றுதான்: மேற்பகுதி சிவக்காது. அதற்குப் பழைய வழி, மூடியின்மேல் தணல் கொட்டுவது. மேலும் கீழும் நெருப்பு. இந்தப் பகுதியில் ஒரு காலத்தில் லெக்கோ என்றொரு கரி வீடுகளுக்கு வந்துகொண்டிருந்தது. நெய்வேலியில் எடுத்த பழுப்பு நிலக்கரியைக் கட்டியாக்கி, புகை போகச் சுட்டு விற்றது நிலக்கரிக் கழகம். பற்றிக்கொள்ள நேரமாகும். பற்றிவிட்டால் புகையில்லாமல், ஏறாமல் இறங்காமல், மணிக்கணக்கில் கனியும். கேக்குக்கு வேண்டிய நெருப்பின் இலக்கணம் அதுவே. இப்போது லெக்கோ வருவதில்லை. முந்திரிக் கட்டையின் தணலும் நல்ல மாற்று. முந்திரிக்கொட்டையின் தோட்டை மட்டும் அடுப்புப் பக்கமே கொண்டுவரக் கூடாது. அதன் எண்ணெயும் புகையும் தோலைப் பொசுக்கும், பண்டத்தையும் கெடுக்கும்.

வெந்ததை உடனே வெட்டுவது பெரிய குற்றம். சூட்டில் வெட்டினால் கத்தியில் களிபோல் ஒட்டும். ஆறியபின் வெட்டினாலும் அது பாதிக் கேக்தான். இரவு முழுக்கத் துணியால் மூடிவைத்தால், பாகின் ஈரம் வரகுக்குள் சீராகப் பரவி மறுநாள் காலையில்தான் கேக் தன் முழு உருவத்துக்கு வரும். அப்போது பார்க்க வேண்டும். மேலே வெல்லம் கருகிய கரும்பழுப்பு. வெட்டிய முகத்தில் மங்கிய பொன்னிறம், ஆங்காங்கே கெட்டிச் சுளையின் மஞ்சள் புள்ளிகள். உயரம் இரண்டு விரல்தான். வாயில் வைத்ததும் முதலில் வருவது வறுத்த மாவின் வாசனை. பிறகு முந்திரியின் வழவழப்பு. இனிப்பு மூன்றாவதாக, அவசரமில்லாமல் வரும். சுளைத் துண்டு பல்லில் படும்போதுதான் பலா முழுப்பலமாகத் தலைகாட்டும். விழுங்கிய பிறகு சுக்கின் சூடும் கொட்டைப்பொடியின் மெல்லிய கசப்பும் தங்கும். அடுத்த வாய்க்குக் கை போவது அந்தக் கசப்பால்தான்.

எழும்பாத கேக்குக்கு உலகத்தில் நல்ல சொந்தங்கள் இருக்கின்றன. இத்தாலியின் டஸ்கனி மலைக்கிராமங்களில் செஸ்ட்நட் மாவில் சுடும் கஸ்டான்யாச்சோ அப்படி ஒன்று. ஈஸ்ட் கிடையாது, சோடா கிடையாது, பெரும்பாலும் சர்க்கரைகூடக் கிடையாது. மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், பைன் பருப்பு, ரோஸ்மேரி. தட்டையாக, வெடித்த மேல்தோலோடு வரும். கோதுமை விளையாத மலையில் ஏழைகளின் மாவாக இருந்தது, இன்று அந்த நாட்டின் பெருமைகளில் ஒன்று. அதைப் பஞ்சாக்கிக் காட்ட அங்கே யாரும் மெனக்கெடுவதில்லை. நம் பக்கத்துப் புதுச்சேரியில் கிறிஸ்துமஸுக்குச் சுடும் விவிக்கமும் ரவையில் செய்வதுதான். செறிவுதான் அதன் அழகு. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது எங்கு பார்த்தாலும் சிறுதானிய கேக் விற்றார்கள். அவற்றில் பல மைதாவில் ஒரு பிடி கேழ்வரகைத் தூவியவை. இன்னும் சில, எழும்பவேண்டும் என்பதற்காகப் பசைகளும் செயற்கை எசன்ஸும் சேர்த்து, மேலே கிரீம் பூசி, தானியத்தை ஒளித்துவைத்தவை. உடம்புக்கு நல்லது என்ற ஒரே சொல்லை நம்பி விற்பதால் வந்த கேடு இது. மருந்தாக நினைத்துச் செய்த பண்டத்தில் ருசி தேடுவது யார்?

இந்தக் கேக்கின்மேல் கிரீம் கூடாது. ஐஸ்கிரீமும் வேண்டாம். பக்கத்தில் சர்க்கரை குறைத்த கடுங்காப்பி இருந்தால் போதும். ஒருவருக்கு ஒரு துண்டு, அதுவும் மெலிதாக. வரகு வயிற்றில் நிதானமாகத்தான் கரையும். இரண்டாவது துண்டு மதியச் சாப்பாட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

செய்து பார்க்க நினைப்பவர்கள் சித்திரை, வைகாசிக்குள் செய்துவிடுங்கள். ஆனியில் மழை பிடித்துவிட்டால் பழம் நீர்கோத்து, பாகு சுருண்டு வருவதற்குள் மணம் போய்விடும். பருவம் தப்பிக் காய்க்கும் மரங்களும் உண்டு. மார்கழியில் பழம் கிடைத்தாலும் கிடைக்கும். அந்தப் பழத்தில் நான் கேக் செய்வதில்லை. வெயிலில் காய்ந்து திரண்ட இனிப்பு இருந்தால்தான் வரகுக்கு அடக்குவதற்கு ஏதாவது இருக்கும். மற்ற மாதங்களில் வரகைப் பொங்கலாக்கிச் சாப்பிடுங்கள். அதிலும் அது நன்றாகத்தான் இருக்கிறது.